தக்கை பேசுகிறாள்

மார்ச் 3, செவ்வாய்

பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் எல்லோரும் என்னிடம் சத்தமாகப் பேசுகிறார்கள். தொண்டையில்தான் கத்தி வைத்தார்கள், காதில் இல்லை. இதை மகளுடைய பழைய சிலேட்டில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, "சரிம்மா!" என்று இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

காலையில் கடையில் முட்டையை விரலால் காட்டி வாங்கினேன். நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக் கடைக்காரர் மன்னிப்புக் கேட்டார். எதற்கென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தலையை ஆட்டி மன்னித்துவிட்டு வந்தேன்.

பேசித்தான் இத்தனை வருஷம் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு முன்னால் என் குரல் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். 'தக்கை' கார்ட்டூன் ஓடும் நேரம் அது. தக்கை பகலில் தையல் கடையில் பட்டன் தைக்கிற பெண். ஆபத்து என்றால் ஓடிவந்து எதைத் தொட்டாலும் அதன் எடை போய்விடும். பஸ், பாலம், பாறை எல்லாம் தக்கை மாதிரி மிதக்கும். பிள்ளைகளுக்குப் பிடித்தது அதுகூட இல்லை, அவள் வாய். பஸ்ஸைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டே டிரைவரிடம் வம்பளப்பாள். அந்த வாய் நான்.

கத்திக் கத்திக் குரல்நாணில் ஒரு கட்டி. கடுகளவு என்றார் டாக்டர். கடுகை எடுத்தாயிற்று. மீதி என்ன இருக்கிறது என்று பேசிப் பார்த்தால்தான் தெரியும்.

பேசக் கூடாது. அதனால்தான் இதில் எழுதுகிறேன். கைக்கு யாரும் தடை போடவில்லை.

மார்ச் 4, புதன்

கனவில் பேசினேன். நல்ல சத்தமாக. யாரிடம் என்று ஞாபகம் இல்லை.

மார்ச் 14, சனி

"மெதுவா ஒரு 'ஆ' சொல்லுங்க," என்றார் டாக்டர்.

சொன்னேன். சிமெண்டுத் தரையில் மர நாற்காலியை இழுத்த மாதிரி ஒன்று வந்தது. திரும்பிப் பார்த்தேன், நிஜமாகவே யாராவது நாற்காலியை இழுத்தார்களோ என்று.

"நல்லா இருக்கு," என்றார். அவருக்கு நன்றாக இருக்கலாம். அவர் குரல்நாணைப் பார்க்கிறார், நான் குரலைக் கேட்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் கேட்டார், "எங்க, என் பேரச் சொல்லு பாப்போம்." இத்தனை வருஷத்தில் நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏங்க" என்றேன். அவர் முகம் மாறுவதற்குள் சிரித்துவிட்டார். அந்த இடைவெளியை நான் பார்த்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

ஸ்டூடியோவுக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர். முதல் அத்தியாயத்திலிருந்து என்னை வேலை வாங்கிய அம்மா. பக்கத்தில் ஒலிப்பதிவாளர். இந்தப் பக்கம் நான், மைக், தாள் தாங்கி. எல்லாம் அதே இடத்தில் இருந்தது.

தக்கையின் பழைய வசனம் ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்று தடவை சொன்னேன். இரண்டாவது தடவையே ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். காது வலித்திருக்கும். இல்லை, அவருக்கு வேறெங்கோ வலித்தது. நல்ல மனுஷன்.

இயக்குநரம்மா உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

எத்தனை பேருக்கு இதைச் சொல்லி அனுப்பியிருப்பார் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

வேற ஆள் போட்டுட்டாங்க.

சின்னப் பொண்ணாம். ரேடியோவுல இருந்தாளாம். சுறுசுறுப்பாம். இருக்கட்டும். நான் மட்டும் என்ன தூங்கிட்டா இருந்தேன்? காய்ச்சலோட போய்ப் பேசினேனே, குழந்தைக்குப் பரீட்சைன்னு கூடப் பாக்காம ஓடினேனே — அப்ப யாரும் கொஞ்ச நாள் போகட்டும்னு சொல்லல.

டாக்டரும் இன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். குரல் வரும், பழைய குரல் வராது. தழும்பு இருக்கிறதாம். கீழ்ச்சுருதியில், கொஞ்சம் காற்றோடு, பேசப் பழகலாமாம். பயிற்சி இருக்கிறதாம்.

இரண்டு செய்தியையும் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் சமையலறை அலமாரியின் மேல்தட்டு முழுக்க இறக்கிக் கழுவினேன். யாரும் குறுக்கே வரவில்லை.

மே 6, புதன்

இயக்குநரம்மா போன் செய்தார். எடுக்க வேண்டாம் என்றிருந்தேன். மகள் எடுத்துக் காதில் வைத்துவிட்டாள்.

தக்கையை மாதப் படக்கதைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பகம் அனுமதி வாங்கியிருக்கிறதாம். முதல் இதழ் வந்துவிட்டது, பிள்ளைகள் சீண்டவில்லை. "அவங்களுக்குத் தக்கையத் தெரிஞ்ச ஆள் வேணும். உன்னவிட யாருக்குத் தெரியும்?"

பரிதாபப்பட்டுச் சொல்கிறார் என்று தோன்றியது. ஆனாலும் போனேன். வீட்டில் கழுவ இனி அலமாரி இல்லை.

ஒரு காகிதக் கடைக்கு மேலே இரண்டு அறை. ஆசிரியர் எதைச் சொன்னாலும் மன்னிப்புக் கேட்பது போலச் சொல்கிறார். முதல் இதழைக் கொடுத்தார். டிவியில் வந்த கதையை அப்படியே இறக்கியிருக்கிறார்கள், வசனம் உட்பட. பாத்திரத்தின் வாயிலிருந்து கிளம்பும் வெள்ளை வட்டத்துக்கு 'பலூன்' என்று பெயராம். ஒரு படக்கட்டத்தில் பலூன் தக்கையின் முகத்தையே மறைத்துவிட்டது. அடியில் ஒரு செருப்பு மட்டும் தெரிகிறது. நான் ஒரே மூச்சில் சொன்ன வசனம் அது. நினைவிருக்கிறது. காதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

உள் அறையில் படம் வரைகிறவர். எனக்குச் சமவயது இருக்கும். மேசை, சட்டை, மீசை எல்லாவற்றிலும் ரப்பர் துகள். போட்டதை அழித்து அழித்து வரைகிறவர் என்பதால் எல்லோரும் ரப்பர் என்றே கூப்பிடுகிறார்கள். படத்துக்கு அடியில் கையெழுத்தும் அப்படித்தான் போடுகிறார்.

"நீங்கதான் அந்தக் குரலா?"

"இருந்தேன்," என்றேன். நாற்காலி இழுபட்டது.

கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "பரவால்ல மேடம். பேப்பர்ல யாருக்கும் கேக்காது."

சுருக்கென்று இருந்தது. மாடிப்படி பாதி இறங்கியபோது சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று.

மே 18, திங்கள்

முதல் கதை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். ரப்பர் போன் செய்தார்.

"கதை நல்லா இருக்கு மேடம். படத்த எங்க வரையட்டும்? பின்னட்டையிலயா?"

சண்டை. என் குரலில் சண்டை போட்டால் எனக்கே பயமாக இருக்கிறது, அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

மே 22, வெள்ளி

ரப்பர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நான், "இதோ பார், உன் லாரியைத் தூக்கிவிட்டேன்!" என்று எழுதியிருந்தேன். அவர் லாரியைத் தூக்கிவிட்டார், பென்சிலால். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் பென்சிலை வாங்கி என் வரியை அடித்தேன்.

மைக் முன்னால் நான் ஒருத்திதான் எல்லாம். பேச்சு நின்றால் தக்கையே நின்றுபோவாள் என்று பயந்து பயந்து நிரப்பிப் பழகியிருக்கிறேன். இங்கே பாதியை இன்னொருவர் சொல்லிவிடுகிறார். மீதிக்குத்தான் நான்.

பக்கத்துக்குப் பக்கம் அடித்தோம். ஒரே ஒரு வரிக்கு மட்டும் மல்லுக்கு நின்றேன். பள்ளத்தில் விழ இருந்த பஸ்ஸைத் தூக்கிப் பிடித்தபடி தக்கை சொல்வது: "டிக்கெட் எடுக்காதவங்க மட்டும் இறங்கிக்கங்க." ரப்பர் படித்தார், துகள் உதிரச் சிரித்தார். பஸ்ஸைக் கொஞ்சம் கீழே நகர்த்திப் பலூனுக்கு இடம் விட்டார்.

ஜூன் 14, ஞாயிறு

புதுக் குரலில் தக்கை முதல் தடவையாக வந்தாள். பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

சுத்தமான குரல். மேலே போகிற இடத்தில் கண்ணாடி மாதிரி போகிறது. என்னைப் போலவே பேச முயற்சி செய்கிறாள். எங்கே மூச்சு எடுப்பேனோ அங்கேயே எடுக்கிறாள். என் சட்டையை யாரோ போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது போல இருந்தது.

மகளிடம் கேட்டேன். பொய் சொல்லியிருக்கலாம். "நல்லாத்தாம்மா பேசுறாங்க," என்றாள்.

"அப்ப அவங்களையே அம்மான்னு கூப்பிடு."

ஏன் அப்படிச் சொன்னேன்? பதினைந்து வயதுப் பெண்ணிடம் சொல்கிற பேச்சா? சாப்பிடும்போது அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்க புக்க எங்க கிளாஸ்ல நாலு பேரு படிச்சாங்க. டிக்கெட் ஜோக்குக்கு ஒருத்தன் பெஞ்சுல இருந்து விழுந்துட்டான்."

விழுந்தது நிஜமா என்று கேட்கவில்லை.

ஜூன் 25, வியாழன்

ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார், போட்டார், மறுபடி துடைத்தார். நல்ல சேதியானால் ஒரு தடவையோடு நிறுத்தியிருப்பார்.

என் முதல் இதழ் நன்றாக இருக்கிறது என்று படித்தவர்கள் சொல்கிறார்களாம். படித்தவர்கள்தான் போதவில்லை. அடுத்ததும் இப்படியே போனால் நிறுத்திவிடச் சொல்கிறார்கள் மேலே.

"ஒரு யோசனை இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க. தக்கைக்குக் குரல் போயிடுது — அப்படி ஒரு கதை. உங்க போட்டோவும் உள்ள போட்டு, உங்களுக்கு நடந்ததையும் ஒரு பக்கம் எழுதிட்டா... ஜனங்களுக்கு மனசத் தொடும்."

ரப்பர் மேசையிலிருந்து நிமிரவில்லை. ஆனால் பென்சில் நின்றுவிட்டது.

"மாட்டேன்," என்றேன். அப்புறம் எனக்கே காரணம் தேடவேண்டியிருந்தது. "எனக்குப் போச்சு. அவளுக்கு எதுக்குப் போகணும்? பிள்ளைங்க அவ பேசறதக் கேக்கத்தான் வாங்குறாங்க. என் வாய மூடினது போதாதுன்னு அவ வாயவும் மூடணுமா?"

இவ்வளவு நீளமாக நான் பேசி மாதக்கணக்காகிறது. கடைசி வார்த்தை காற்றாகத்தான் வந்தது, கேட்டிருக்காது. ஆனால் ஆசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "சரி. வேற ஏதாவது கொண்டாங்க. நல்லதா."

பென்சில் மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஜூலை 3, வெள்ளி

ஒன்றும் வரவில்லை.

ஜூலை 5, ஞாயிறு

ஒரு கதை எழுதி, கிழித்து, கிழித்ததை ஒட்டி, மறுபடி கிழித்தேன். மாட்டேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தாயே, இப்போது எழுது பார்ப்போம்.

ஜூலை 8, புதன்

வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. இன்று மதியச் சாப்பாட்டுக்குத் தாமதமாக வந்தார். ஒரு கட்டடத்தில் இரண்டு பேர் நடுவில் மாட்டிக்கொண்டார்களாம். எதிரெதிர் வீட்டுக்காரர்கள், வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது, தண்ணீர்க் குழாய்த் தகராறு. "கதவத் தெறந்தா ஒருத்தன் இன்னொருத்தன் தோள்ல சாஞ்சு தூங்கிட்டிருக்கான். முழிச்சிருந்தவன் என்கிட்ட 'சத்தம் போடாதீங்க'ன்றான்!"

அவர் சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றினார். நான் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

லிஃப்ட்டுக்குள் தக்கையும் ஆணியும். ஆணிதான் எங்கள் வில்லன். கையை வைத்து அழுத்தினால் எதுவும் அசையாமல் அறைந்தது போல நின்றுவிடும். எனக்கு ஒரு சந்தேகம். "ஏங்க, தக்கை லிஃப்ட்டோட எடைய எடுத்துட்டா, தப்பிச்சிடலாம்ல?"

சோற்றில் கையை வைத்தபடி யோசித்தார். இப்படி ஒரு தீவிரத்தோடு என் தொழிலைப் பற்றி அவர் யோசித்து நான் பார்த்ததில்லை. "அந்தத் தப்ப மட்டும் பண்ணிடாதே. பெட்டிக்கு எதிர்ப்பக்கம் கயித்துல ஒரு எடைக்கட்டு தொங்கும். பெட்டியோட எடை போச்சுன்னா அந்தக் கட்டு சரசரன்னு கீழ போகும், பெட்டி மேல போய் முட்டும். பிரேக் தேஞ்சு போச்சுன்னு வெச்சுக்கோ, உள்ள இருக்கிறவங்க சட்னிதான்."

அப்படியென்றால் தக்கையின் சக்தி லிஃப்ட்டுக்குள் செல்லாது. பிரேக் தேய்ந்த பெட்டியை அசையாமல் பிடித்துவைப்பது ஆணியின் கைதான். அவன் கையை எடுத்தால் இரண்டு பேரும் காலி. அவனை எடுக்கவிடாமல் இருக்க அவளிடம் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று.

வாய்.

அவருக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டேன். வேண்டாம் வேண்டாம் என்றார். போட்டேன்.

ஜூலை 13, திங்கள்

ரப்பர் என் தாளைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். "புத்தகம் பூரா ஒரே பெட்டியா? ரெண்டு பேரு, நாலு செவுரு. நான் என்னத்த வரையறது மேடம்? ஸ்விட்சையா?"

நல்ல கேள்வி. "எங்க வீட்டுக்காரரோட போய்ப் பாருங்க," என்றேன், ஏதோ சொல்லவேண்டுமே என்று.

ஜூலை 15, புதன்

போய்விட்டார்! இரண்டு ஆண்களும் காலை முழுக்க ஒரு பழைய கட்டடத்தின் லிஃப்ட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்களாம். மேல் மூடி, கதவு இடுக்கு, கயிறு, எண்ணெய் வழியும் சுவர், கால் மட்டத்திலிருந்து பார்த்தால் எப்படி, தலைக்கு மேலிருந்து பார்த்தால் எப்படி — ரப்பர் வரைந்து தள்ளியிருக்கிறார். வீட்டுக்குத் திரும்பிய இவரோ, "அந்தாளு என் மூக்க வரைஞ்சாரு. நல்லாத்தான் இருக்கு என் மூக்கு," என்று கண்ணாடி முன்னால் நிற்கிறார்.

ஜூலை 30, வியாழன்

அந்தப் பெண் வந்தாள்.

முன்னால் சொல்லாமல் கொள்ளாமல். கதவைத் திறந்தால் தோளில் பெரிய பையோடு ஒரு பெண். "அக்கா, நான்தான்..." என்று ஆரம்பித்ததும் தெரிந்துவிட்டது. தக்கை என் வீட்டு வாசலில் நின்று என்னையே அக்கா என்கிறாள்.

உட்காரச் சொன்னேன். வேறு என்ன செய்ய? தண்ணீர் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு அழுதுவிட்டாள். ஒரு பள்ளிக்கூடத்து விழாவுக்குக் கூப்பிட்டார்களாம். மேடையில் தக்கை மாதிரி பேசிக் காட்டினாளாம். முன்வரிசையில் ஒரு வாண்டு எழுந்து, "இது பொய்த் தக்கை!" என்று கத்தியிருக்கிறது. மற்றதெல்லாம் சேர்ந்துகொண்டன.

இத்தனை நாள் நான் ஆசைப்பட்டது இதுதான். யாராவது அப்படிச் சொல்ல வேண்டும் என்று. சொல்லிவிட்டார்கள். அவள் என் சோபாவில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சுகிறாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

"உங்கள மாதிரி எப்படிப் பேசறதுன்னு சொல்லுங்கக்கா."

"எனக்கே தெரியலம்மா," என்றேன். என் குரலைக் கேட்டு அவள் திடுக்கிட்டாள். மறைக்கத் தெரியாத முகம். அது எனக்குப் பிடித்திருந்தது.

சும்மா இருக்க முடியாமல் லிஃப்ட் கதைத் தாள்களை எடுத்து முன்னால் வைத்தேன். படிக்கத் தொடங்கினாள். அவளுக்கு மனசுக்குள் படிக்க வராது போலிருக்கிறது, எங்கள் தொழில் பழக்கம், வாய்விட்டே படித்தாள். பழைய அத்தியாயம் எதிலும் இல்லாத வசனம். பார்த்துப் பேச என் குரல் அதில் இல்லை. அவளாகவே பேசினாள். மூச்சை வேறு இடத்தில் எடுத்தாள். கேலி செய்கிற இடத்தில் நான் குரலை உயர்த்துவேன், அவள் தாழ்த்துகிறாள். இன்னும் குறும்பாக இருக்கிறது.

எழுதிய வார்த்தையை இன்னொருவர் வாயில் முதல் தடவையாகக் கேட்டேன். நடுவில் ஒரு இடத்தில் அவள் தடுக்கினாள். "மன்னிச்சிடுங்கக்கா," என்றாள்.

"உன் தப்பில்ல. வரி நீளம்." பென்சிலை எடுத்து அடித்தேன். "மறுபடி படி."

இருட்டும் முன் போய்விட்டாள். பையை மறந்து விட்டுவிட்டுப் போய், திரும்ப வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 17, திங்கள்

லிஃப்ட் இதழ் கடைக்கு வந்துவிட்டது.

கடைசிப் பக்கத்தில் கதவைத் திறக்கிற மெக்கானிக்குக்கு எங்கள் வீட்டு மூக்கு. அவர் ஆபீஸ் முழுக்கக் காட்டிவிட்டு வந்திருக்கிறார். "எடைக்கட்டு யோசனை யாரோடதுன்னு கேட்டாங்க," என்றார். கேட்டிருக்க மாட்டார்கள், இவரே சொல்லியிருப்பார்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

ஆசிரியர் போன் செய்தார். புத்தகம் கடைகளில் இல்லையாம். அனுப்பவில்லையோ என்று பயந்து கேட்டேன்.

"இல்லங்க. வித்துடுச்சு."

மறுபடி அச்சடிக்கிறார்கள். அவருடைய குரலில் மன்னிப்பு இல்லாமல் நான் கேட்ட முதல் வாக்கியம் அது. ரப்பரிடம் சொன்னேன். "ம்," என்றார். பிறகு, "ஸ்விட்சு நல்லா வந்திருந்துச்சுல்ல?" என்றார்.

செப்டம்பர் 11, வெள்ளி

இத்தனை நாள் டிவியில் வந்ததுதான் புத்தகமாகும். இப்போது தலைகீழ். லிஃப்ட் கதையை அத்தியாயமாக எடுக்கப்போகிறார்களாம். இயக்குநரம்மா நேரிலேயே வந்துவிட்டார். "நீ எழுதினது. நீயே வந்து இருக்கணும்."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

புரியவில்லை அவருக்கு. அப்புறம் புரிந்தது. "கண்ணாடிக்கு என் பக்கம்," என்றார் மெதுவாக.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. போகத்தான் போகிறேன். ஆனால் அவரையும் கொஞ்ச நாள் போகட்டும் என்று காத்திருக்க வைக்க ஆசையாக இருந்தது. மறுநாள் வரை தாங்கவில்லை, சாயங்காலமே போன் செய்து சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 3, சனி

ஒலிப்பதிவு.

கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த அறை சின்னதாக இருக்கிறது. இவ்வளவு சின்ன இடத்தில் நின்றா பஸ்ஸெல்லாம் தூக்கினேன்?

அந்தப் பெண் உள்ளே போய் நின்றாள். தாள் தாங்கி அவளுக்கு உயரம். நான் எழுந்து போய்த் திருகைத் தளர்த்தி இறக்கிவிட்டு வந்தேன். கொஞ்சம் இறுக்கித் திருகினால்தான் நிற்கும் அது.

பாதிக் கதை தாண்டியபிறகு ஒரு இடம். ஆணி சோர்ந்துபோய்க் கேட்கிறான்: "நான் கைய எடுத்துட்டா?" தக்கை சொல்லவேண்டியது, "எடுக்க மாட்ட." அவ்வளவுதான் நான் எழுதியது. அடுத்த கட்டத்தில் வேறு பேச்சு.

"எடுக்க மாட்ட," என்றாள். நிறுத்தினாள். தாளில் இல்லாத ஒன்றை, ரொம்பத் தாழ்வாக, ஆணியாகப் பேசுகிறவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "கை வலிக்குதா?"

ஆணிக்குக் குரல் கொடுப்பவர் பழம் தின்று கொட்டை போட்டவர். அவரே அடுத்த வசனத்தை மறந்துவிட்டார். ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எத்தனை தடவை அந்தக் கட்டத்தை அடித்து அடித்து எழுதினேன். அவன் கை வலிக்குமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. வில்லன்தானே என்று விட்டிருக்கிறேன்.

இயக்குநரம்மா என்னைப் பார்த்தார், வைத்துக்கொள்ளலாமா என்று. எழுதியவளைக் கேட்கிறார். தலையாட்டினேன். பேசியிருந்தால் குரல் உடைந்திருக்கும், அது தழும்பால் இல்லை.

வெளியே வந்ததும் அவளிடம் கேட்டேன், அந்த வரியை மறுபதிப்பில் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று.

"அதுக்கெல்லாம் கேக்கணுமாக்கா?"

"கேக்கணும்," என்றேன்.

நவம்பர் 8, ஞாயிறு

காலையில் ஒளிபரப்பு. மூன்று பேரும் சோபாவில். அவர் நடுவில் எழுந்து, "கதவு அந்தப் பக்கமா தெறக்காது," என்றார். மகள் அவரை இழுத்து உட்காரவைத்தாள்.

நான் ஒரு இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் அது நான் எழுதிய ஜோக் என்று ஞாபகம் வந்தது.

நவம்பர் 29, ஞாயிறு

அடுத்த இதழுக்கு ரப்பரோடு போனில் சண்டை. கடல் கதை. முதல் பக்கத்தில் தக்கை கப்பலைத் தூக்கும்போது நான் ஒரு அருமையான வரி வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு முழுப்பக்கமும் தண்ணீராக வரைந்து வைத்திருக்கிறார் மனுஷன்.

"தண்ணிய யாரு ரப்பர் படிப்பாங்க? அந்த வரி இல்லன்னா அவ தக்கையே இல்ல, ஏதோ மீன்புடிக்க வந்தவ!"

"மேடம், அலை பேசுது மேடம்!"

"அலை பேசட்டும், அவளும் பேசட்டும்! ஒரு ஓரத்துல எடம் விட்டா என்ன, உங்க கடல் வத்திடுமா?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, "கொஞ்சம் மெதுவாப் பேசேன்," என்றார். "மேல் வீட்டுக்குக் கேக்குது."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. பேப்பரை மடியில் இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். போனில் ரப்பர் அலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

"இல்ல, இல்ல," என்றார் அவர். "பேசு. நீ பேசு."

பேசினேன். கடைசியில் ரப்பர்தான் ஜெயித்தார். பக்கம் முழுக்கத் தண்ணீர். அடுத்த பக்கத்துக்கு வேறு வரி எழுதவேண்டும், நாளைக்குள்.